இடுப்புக்கு மேலே சௌக்கியம்

லிங்கராஜபுரம்,
பெங்களூர்.

அன்புள்ள ரமா அக்காவுக்கு,

ஸ்ரீரஞ்சனியின் நமஸ்காரம். மைசூரில் நீங்கள், அத்திம்பேர், ரக்ஷா எல்லாரும் சௌக்கியம் என்று நம்புகிறேன். இங்கே தேஜஸ் முழுக்க சௌக்கியம். நானும் உங்கள் தம்பியும் இடுப்புக்கு மேலே மட்டும் சௌக்கியம். உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் போடாததற்கு மன்னிக்கணும். பேனா மேஜை மேல் இருந்தது, நாங்கள் தரையில் இருந்தோம்.

ஒன்றரை வயதாகியும் தேஜஸ் நடக்கவில்லையே என்று நான் போனில் அழுததைக் கேட்டு, அத்திம்பேர் அலையாய் அலைந்து அந்தக் குழந்தை டாக்டரிடம் சனிக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறார். அவர் கிடைப்பது எத்தனை கஷ்டம் என்று தெரியும். ஆனாலும் ஒரு வாரம் தள்ளிப்போட முடியுமா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். குழந்தை நடக்கவில்லை என்று காட்ட வருகிற அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தால், டாக்டர் இது பரம்பரை வியாதி என்று எழுதிவிட மாட்டாரா?

எல்லாம் உங்கள் தம்பியின் ஆபீஸ் போன ஞாயிற்றுக்கிழமை நடத்திய ரேஸால் வந்தது. ஓட வேண்டாம், சும்மா நடந்தால் போதும் என்றார். ராமநகரம் தாண்டி ஒரு பாறை மலை, உச்சியில் ஆஞ்சநேயர் கோவில். மலையைச் சுற்றிப் புதருக்குள்ளும் பாறை இடுக்கிலும் கொடிகளை ஒளித்து வைத்திருப்பார்கள். கையில் மேப்பும் காம்பஸும் கொடுத்துவிடுவார்கள். ஒன்று, இரண்டு என்று நம்பர் வரிசையில் கொடிகளைத் தேடிப் பிடித்து, ஒவ்வொன்றிலும் அட்டையில் ஓட்டை போட்டுக்கொண்டு வர வேண்டும். தேஜஸைக் கீழ் வீட்டு மௌரீன் ஆன்ட்டியிடம் விட்டுவிட்டுப் போனோம். அவனை விட்டு ஒரு நாள் முழுக்க இருப்பது எனக்கு இதுதான் முதல் தடவை. மலையடிவாரத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து இரண்டாம் தடவை கூப்பிட்டபோது ஆன்ட்டி, "ஏம்மா, மறுபடியுமா? புள்ள நல்லாத் தூங்குது, உன் போன் மணியிலதான் முழிச்சுக்கப் போவுது, வையி!" என்று வைத்துவிட்டார்கள். நான் பூத்திலிருந்து வெளியே வருவதற்குள் உங்கள் தம்பி காம்பஸை ஆடாமல் வைக்கிறேன் என்று என் டிபன் கேரியர் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். காம்பஸை அவர் கையில் கொடுத்துவிட்டு இரும்புக் கேரியரை நான் தூக்கினால் ஊசியும் கூடவே திரும்புகிறது. "வடக்கு எங்கடி நகர்றது?" என்று கத்துகிறார். நான் புளியோதரையோடு போன பக்கமெல்லாம் வடக்கு.

இதுவரைக்கும் அவர் தப்பு. இனிமேல் நடந்ததற்கு என்னைச் சொல்கிறார், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். முதல் கொடிக்கு அம்புக்குறி வலது பக்கம் காட்டியது. அப்படிப் போனால் ஆஞ்சநேயர் நமக்கு இடது கைப் பக்கம் வருவார். "ஏன்னா, இது அப்பிரதட்சிணம்னா! குழந்தை நடக்கணும்னு வேண்டிண்டிருக்கறவ நான், ஸ்வாமியை இப்படியா சுத்துவா?" என்றேன். "இது ரேஸ்டி, கோவில் இல்லை" என்றார். "அப்போ மேலே இருக்கறது யாரு, உங்க ஜி.எம்.மா?" என்றேன். கடைசிக் கொடியிலிருந்து ஆரம்பித்தால் என்ன, ஓட்டை ஓட்டைதானே என்று இடது பக்கம் திரும்பினோம். பின்னால் அக்கவுண்ட்ஸ் வீணா மேடம் வந்தவர், "ஏன்ரீ, ஈ கடெ யாக்கே?" என்று, இந்தப் பக்கம் ஏன் போகிறோம் என்று கேட்டார். காரணம் சொன்னேன். "அய்யோ, ஹௌதல்லா! அப்பிரதக்ஷிணே மாட்பாரது!" என்று, அப்பிரதட்சிணம் பண்ணக் கூடாதென்று அவர் புருஷனையும் இழுத்துக்கொண்டு எங்களோடு சேர்ந்துவிட்டார். அவரைப் பார்த்து ஸ்டோர்ஸ்காரர்கள், ஸ்டோர்ஸைப் பார்த்து டிரைவர்கள். பாதி ஆபீஸ் எங்கள் பின்னால். வழியில் புளியோதரை விநியோகம் வேறு. கீழே ரேஸ் நடத்துகிற யூஜின் சார் பைனாகுலரில் பார்த்துக் கையைக் கையை ஆட்டினார். உற்சாகப்படுத்துகிறார் என்று நாங்களும் ஆட்டினோம். கடைசிப் பாறையில் நிற்க முடியாமல் உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கியதில் என் சல்வாரின் பின்பக்கம் மலைக்குக் காணிக்கை.

கீழே வந்ததும் யூஜின் சார், "எல்லாரையும் உல்ட்டாவாக் கூட்டினு போனது யாரு?" என்றார். பாதி ஆபீஸும் ஒரே விரலாய் என்னைக் காட்டியது, அதுவரை என் புளியோதரையைத் தின்ற கை. எங்கள் எல்லாரையும் போட்டியிலிருந்து நீக்கிவிட்டார். மிச்சமிருந்தது சரியான திசையில் போய் வழி தவறிய நாலு பேச்சிலர் பையன்கள், அவர்களுக்கு முதல் பரிசு. உங்கள் தம்பி பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். எனக்கு அதெல்லாம் பெரிதாகத் தோன்றவில்லை அக்கா. முன்பின் தெரியாத அத்தனை பேர், காரணம் தெரிந்தோ தெரியாமலோ, என் குழந்தைக்காக ஒரு சுற்றுச் சுற்றினார்கள். அவ்வளவு சுற்றியும் வீட்டுக்கு வந்தபோது அவன் மௌரீன் ஆன்ட்டி இடுப்பில்தான் இருந்தான். அன்று கொஞ்சம் அழுதேன்.

ஆகையால் அத்திம்பேரிடம் பக்குவமாகச் சொல்லி, சனிக்கிழமையைத் தள்ளிப்போடுங்கள். உங்கள் தம்பிக்கும் நாலு வார்த்தை எழுதுங்கள். அத்திம்பேருக்குக் குனிந்து செய்ய முடியாத நமஸ்காரத்தை மனதால் செய்கிறேன். ரக்ஷாவுக்கு எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
அன்புள்ள
ஸ்ரீரஞ்சனி

பி.கு.: டாக்டரைத் தள்ளிப்போட வேண்டாம், வேண்டவே வேண்டாம், அவரை விட்டுவிடுங்கள். இதை மடிக்கும்போது தேஜஸ் சுவரோரமாய் நின்றுகொண்டு, என் கையிலிருந்த பிஸ்கட்டைப் பார்த்துத் தூக்கு என்று கையை நீட்டினான். "ஏன்னா, தூக்குங்கோளேன்" என்றேன். "நீ எழுந்துண்டா நானும் எழுந்துக்கறேன்" என்றார். இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. எங்களை மாறி மாறிப் பார்த்தான். இதுகளை நம்பிப் பிரயோஜனமில்லை என்று முடிவு செய்தவன் மாதிரி சுவரை விட்டான். தினமும் செய்கிற காரியம் போல நடந்து வந்தான், பிஸ்கட்டைப் பிடுங்கினான், திரும்பி நடந்து போய்விட்டான்! இத்தனை நாள் அவன் கையை முழுசாக நீட்டுவதற்கு முன்னாலேயே நான் தூக்கிவிடுவேன் அக்கா. உங்கள் தம்பி கண்ணைத் துடைத்துக்கொள்கிறார், கால் வலி என்கிறார். இப்போது அடுப்படிப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறான், ஓடிப் பிடிக்க இங்கே ஆள் இல்லை. நீங்கள் அடுத்த பஸ்ஸில் புறப்பட்டு வாருங்கள்.