துண்டு அண்ணனின் கார்டு

பணத்தைத் தொலைத்துவிட்டுத் தலையில் துண்டு போட்டுக்கொள்பவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பணம் எடுக்கும்போதே போட்டுக்கொள்கிறவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் ஆரணியில் இருக்கிறார்.

துண்டு அண்ணன் என்றால்தான் தெரியும். நான் வேலை பார்க்கும் பட்டுச்சேலைக் கடையில் மூத்த விற்பனையாளர். ஏ.டி.எம்முக்குள் நுழைந்ததும் தன் தலையையும் மெஷினையும் சேர்த்து ஒரே துண்டால் மூடிவிடுவார். ஆவி பிடிக்கிறார் என்று நினைத்து வெளியூர்க்காரர் ஒருவர் தைலம் நீட்டியதுகூட உண்டு.

போன வருஷம் முதலாளி எங்களை மலேசியா கூட்டிப்போனார். கிளம்புமுன் நான் எல்லோருக்கும் பாடம் எடுத்தேன்.

“யாரும் பணம் மாத்தி எடுத்துகினு வராதீங்க. கார்டு போதும்.”

அதுவரை நான் போயிருந்த அதிகபட்ச வெளிநாடு திருப்பதி.

கோலாலம்பூரில் ஒரு மதியம் நானும் துண்டு அண்ணனும் தனியாகச் சாப்பிடப் போனோம். “இன்னைக்கு என் செலவுண்ணா” என்று சொல்லி நண்டாகவே வரவழைத்தேன். கல்லாவில் கார்டை நீட்டினேன். மெஷின் ஏற்கவில்லை. சட்டையில் துடைத்து நீட்டினேன். ஊதி நீட்டினேன்.

கல்லாவில் இருந்த தமிழ்ப் பெண் இரக்கத்தோடு கேட்டாள்: “வெளிநாட்டுல வேலை செய்யற மாதிரி பேங்க் ஆப்புல மாத்தி விட்டீங்களா, அண்ணே?”

அப்படியொன்று இருப்பதே எனக்குத் தெரியாது. இப்போது மாற்றலாமென்றால் ஓ.டி.பி. என் நம்பருக்கு வரும். ரோமிங் செலவுக்குப் பயந்து அந்த சிம்மைக் கழற்றி வீட்டு பீரோவில் பூட்டிவிட்டு வந்திருந்தேன். பர்ஸைத் துழாவினால் போளூர் பஸ் டிக்கெட் வந்தது. பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது.

“இன்னாப்பா, பேஜாரா கீதா? நகரு” என்றார் துண்டு அண்ணன்.

துண்டு விரிந்தது. அவர் தலை, மெஷின், அதைப் பிடித்திருந்த அந்தப் பெண்ணின் கை எல்லாம் உள்ளே போயின. வாய்விட்டுச் சொன்னால்தான் அவருக்கு நம்பர் ஞாபகம் வரும்போல. துண்டுக்குள்ளிருந்து கணீரென்று வந்தது: “ஏழு... ரெண்டு... ஒம்போது... திரும்ப ரெண்டு.”

வரிசையே சிரித்தது. ஆனால் ரசீது வந்துவிட்டது. கிளம்புமுன்பே அவர் பேங்குக்கு நேரில் போய்க் கேட்டு, வெளிநாட்டுக்கு மாற்றிக்கொண்டு வந்திருந்தாராம்.

வெளியே வந்ததும் சொன்னேன்: “அண்ணா, உங்க நம்பர் எல்லாருக்கும் கேட்டுடுச்சு. மாத்திடுங்க.”

“மாத்துனா எனக்கே மறந்துபூடும்பா. கேட்டவன் எவனும் ஆரணிக்கு வரப்போறதில்ல. நீ ஒருத்தன்தான் வருவ.”

அதோடு நிறுத்தவில்லை. கார்டை என் சட்டைப்பையில் போட்டார். “வூடு போற வரைக்கும் நீயே வெச்சிக்கோ. புள்ளைங்களுக்கு எதனா வாங்கு. வெறுங்கையா போவாத.”

என் சம்பளத்தை வருஷக்கணக்காகப் பார்த்துவரும் பேங்கே என்னை நம்பாத ஊரில், அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் முன்னால் நடந்துகொண்டிருந்தார். நான் ஒரு கையால் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டே மலேசியா முழுக்கச் சுற்றினேன்.