எனக்கு ஒரு பிரிண்ட்

"எனக்கு ஒரு பிரிண்ட்" ஆசாமியை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. கல்யாணமா, காதுகுத்தா, கந்தூரி ஊர்வலமா, தெரிந்தவர் யார் கேமராவைத் தூக்கினாலும் முதலில் பல்லைக் காட்டி, பிறகு கையை நீட்டி, வீடு தேடி வந்து வாங்கிப் போகிறவர். வைத்துக்கொள்ளவா? அது வேறு விஷயம்.

எங்கள் காரைக்காலில் இந்த இனத்தின் முதல்தர உருப்படி, ஹார்டுவேர் கடை ஜான்பீட்டர். என் பள்ளித்தோழி ஆக்சிலியா ஃபிலிம் கேமராவோடு காரைக்கால்மேட்டு மீன் ஏலத்தையே சுற்றிக்கொண்டிருந்த காலத்தில், அவள் தானே கழுவிப் போட்ட கறுப்பு வெள்ளைப் படங்களை விடாமல் கேட்டு வாங்கியவர் இவர். "நம்ம வீட்டுப் பொண்ணு எடுத்தது, எனக்கு இல்லாமலா?"

பிறகொரு நாள் கடல் ஊருக்குள் வந்தது. நெகட்டிவ், பிரிண்ட் எல்லாம் போயின. ஆக்சிலியா உடைந்துபோனாள். ஜான்பீட்டர் ஆறுதல் சொல்லப் போனார். வரும்போது, கடலுக்குத் தள்ளியிருந்த ஒரு வீட்டில் இரவல் கொடுத்ததால் தப்பியிருந்த படம் ஒன்றையும் கேட்டு வாங்கிவந்தார்.

போன வருஷம் பிரான்சில் ஓர் அருங்காட்சியகம் அவள் படங்களைக் கேட்டது. ஆரம்ப காலத்தில் அவளே போட்ட பிரிண்ட் ஒன்றாவது வேண்டும், இல்லாவிட்டால் சேர்க்க மாட்டார்களாம். வீடு வீடாக ஏறி இறங்கினாள். ஜான்பீட்டருக்கு எதுவும் நினைவில்லை. அவர் மனைவி சலோமிதான், "அந்தோணியார் படம் ஃபிரேம்ல ஆடுதுன்னு பின்னாடி எதையோ வச்சீங்களே?" என்றார்.

கழற்றினார்கள். அந்தோணியாருக்குப் பின்னால் ஏலக்காரர் கையைத் தூக்கி நிற்க, மீன்காரப் பெண்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பின்புறம் ஆக்சிலியாவின் கையெழுத்து.

"குடுங்க மாமா, அனுப்பிடுறேன்."

"நீ ஏம்மா அலையுற? நானே குடுத்துக்கிறேன்."

ஆரம்ப காலப் படங்கள் அருங்காட்சியகத்துக்கு இப்படியும் போய்ச் சேருகின்றன. அறிஞர்கள் தேடிப் பிடிப்பதாக நினைத்திருந்தால், மன்னிக்கவும்.

இப்போது அங்கே படத்துக்கு அடியில் 'நன்கொடை: ஜான்பீட்டர், காரைக்கால்' என்று இருக்கிறதாம். கடையில் ஆணி வாங்க வருகிறவர்களிடமெல்லாம், "நான் பத்திரமா வைக்கலேன்னா இந்தப் பொண்ணு கதி என்ன?" என்று கேட்கிறார்.

போன வாரம் நான் ஆணி வாங்க நின்றபோது ஆக்சிலியா வந்தாள்.

"மாமா, அதை அனுப்புறதுக்கு முன்னாடி நாலு பிரிண்ட் போட்டு வச்சிருக்கீங்களாமே. எங்கிட்ட ஒண்ணுகூட இல்ல. எனக்கு ஒரு பிரிண்ட் குடுங்களேன்."

ஜான்பீட்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"கேக்குறவங்களுக்கெல்லாம் சும்மா குடுத்தா கட்டுப்படி ஆகுமாம்மா?"

நான் ஆணியை வாங்காமலே வந்துவிட்டேன்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரித்து முடித்ததும், உங்கள் வீட்டுச் சாமி படத்தையும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். கொடுத்தவர் பின்னால் பெயர் எழுதித்தான் கொடுத்திருப்பார். நீங்கள்தான் திருப்பிப் பார்த்திருக்க மாட்டீர்கள்.