பச்சோந்தி அளந்த பசுமை

பச்சோந்தி தான் உட்காரும் இடத்தின் நிறத்துக்கு மாறும் என்று பலரும் நம்புகிறார்கள். கட்சி தாவியவர்களைத் திட்டுவதற்கு மேடைப் பேச்சாளர்கள் காலங்காலமாக இந்த நம்பிக்கையைத்தான் பயன்படுத்தி வருகிறார்கள். மிகுந்த வருத்தத்துடனும் பொறுப்புணர்வுடனும் சொல்ல வேண்டியிருக்கிறது: இது பிழை. பச்சோந்தி பெரும்பாலும் தன் மனநிலைக்கும் உடல் சூட்டுக்கும் ஏற்பவே நிறம் மாறுகிறது. பேச்சாளர்கள் வேறு பிராணியைத் தேடிக்கொள்வது நல்லது.

இந்த உண்மை தெரியாததால் வந்த வினையே இக்கதை.

ஒரு காட்டில், துல்லியமாகச் சொன்னால் காட்டின் ஓரத்தில், மரங்கள் போனபின் மிஞ்சிய வெட்டவெளியில், விலங்குகள் நெல் பயிரிட்டு வந்தன. அங்கே செவந்தி என்ற முயலுக்கு ஒரே ஒரு வயல். பக்கத்து வயல் கொம்பையா என்ற காட்டுப்பன்றியுடையது. ஒரு போகம் விளையாத வயல் பக்கத்து வயல்காரருக்குப் போய்விடும் என்பது அந்தக் காட்டின் வழக்கம். சோம்பேறிகளைத் திருத்த ஏற்பட்ட வழக்கம் என்பார்கள். ஏற்படுத்தியவர்கள் பன்றிகள் என்றும் சொல்வதுண்டு.

அந்த ஆண்டு துல்லிய வேளாண்மைத் திட்டம் வந்தது. அதன் அலுவலராக நரி வந்தார். கண்டபடி உரத்தை இறைக்கக் கூடாது. எந்தப் பயிருக்கு எந்தச் சத்து குறைகிறதோ, அதை அங்கே, அப்போது, அவ்வளவு மட்டும் தர வேண்டும். நல்ல திட்டம்தான். அதற்கு இலையின் நிறத்தை அளக்கும் கருவி ஒன்று வேண்டும். அது கடல் கடந்து வர வேண்டியிருந்தது. பச்சோந்தி பக்கத்துக் கிளையிலேயே இருந்தது.

"இதை இலை மேல விட்டா இலை நிறம் காட்டும்" என்றார் நரி. "மஞ்சள்னா தழைச்சத்து குறைவு, யூரியாவை இறக்கு. பச்சைன்னா போதும், அடுத்த வயலுக்கு நட. பேட்டரி வேணாம், சார்ஜ் வேணாம். நாலு ஈ போட்டாப் போதும்."

பச்சோந்தி மறுத்து வாய் திறக்கவில்லை. ஈக்கு மட்டும் திறந்தது.

முதல் அளவீடு கொம்பையாவின் வயலில். "ஏலே பல்லி!" என்றது பன்றி. "ஒழுங்கா அளந்தியோ பொழச்ச. இல்லே, வாலோட சேத்து மிதிச்சிருவேன்."

இந்தப் பச்சோந்தி பயந்தால் மஞ்சளாகிவிடும். (மற்றப் பச்சோந்திகளைப் பற்றிப் பேசவில்லை.) நரி தலையசைத்தார். பசேலென்றிருந்த வயலில் யூரியா இறங்கியது.

அடுத்தது செவந்தியின் வயல். "வாங்கண்ணே, வேகாத வெயில்ல வந்திருக்கீங்க. மெதுவா உக்காருங்க" என்று முயல் பச்சோந்திமேல் தண்ணீர் தெளித்தது. பச்சோந்திக்கு மனம் குளிர்ந்தது. தளிர்ப் பச்சையில் சொக்கிப்போய்க் கண்ணை மூடிக்கொண்டது.

"பிரமாதம். சத்துக் குறைபாடே இல்ல" என்றார் நரி.

"ஆபீசர், அது பச்சையா இருக்கு சரி. பயிரு மஞ்சளா இருக்கே! கொஞ்சம் குனிஞ்சு இலையைப் பாருங்களேன்."

"நான் பாக்கக் கூடாதும்மா. நான் பாத்தா அது அபிப்பிராயம். கருவி பாத்தாத்தான் தரவு."

செவந்தியின் பயிர் அடியிலையிலிருந்து மேல்நோக்கி மஞ்சளாகிக்கொண்டே வந்தது. கொம்பையா தினமும் நடு வரப்பில் நின்று மூக்கை நீட்டிப் பார்த்தது. "இந்த வரப்பை எடுத்துட்டா ஒரே வயலாயிரும் பாரு. உழவுக்கும் வசதி. என்ன செவந்தி, நாஞ் சொல்றது?"

காட்டில் உண்மை தெரிந்தவர் ஒருவர் இருந்தார். அவர் நாரை. நிறையப் படித்தவர். எங்கே பிழை கண்டாலும் ஒற்றைக் காலில் நின்று திருத்துவார். அதற்குள் கேட்டுக்கொண்டிருந்தவர் வீடு போய்ச் சேர்ந்திருப்பார். கதைகளுக்கு முன்னால் திருத்தப் பத்தி எழுதுகிறவர்கள் எல்லோரும் அவருக்கு நெருங்கிய சொந்தம்.

அடுத்த அளவீட்டுக்கு நரி வந்தபோது நாரையும் செவந்தியின் வயலுக்கு வந்து சேர்ந்தது.

"அலுவலர் அவர்களே, ஒரு சிறு திருத்தம். பச்சோந்தியின் நிறமாற்றம் குறித்து அறிஞர்களிடையே..."

"சீக்கிரம் சொல்லுங்கய்யா, இன்னும் பத்து வயல் கிடக்கு."

"பொறுங்கள். மஞ்சளிலும் வகை உண்டு. அடியிலை மஞ்சளித்தால் தழைச்சத்துக் குறைவு. கொழுந்திலை மஞ்சளித்தால் இரும்போ கந்தகமோ குறைந்திருக்கலாம். இப்போது இந்த அடியிலையைப் பாருங்கள்" என்று நாரை கழுத்தை வளைத்து, நீண்ட அலகால் இலையைச் சுட்டிக்காட்டியது.

இலைமேல் பச்சோந்தி இருந்தது. பல்லி வகையறாவை நாரை விரும்பி உண்ணும் என்பது பச்சோந்திக்கும் தெரியும். அது மூக்கிலிருந்து வால்நுனிவரை மஞ்சளானது.

"ஐயையோ, கடுமையான குறைபாடு!" என்று அலறினார் நரி. "இறக்குங்கடா மூட்டையை!"

"பார்த்தாயா அம்மா?" என்றது நாரை. "விளக்கிச் சொன்னால் யாருக்கும் புரியும்."

"ஆமாங்கய்யா" என்றது செவந்தி. அதற்கும் புரிந்துவிட்டது.

அதன்பின் செவந்தி தினமும் தன் பயிரின் இலையைத் தானே புரட்டிப் பார்த்தது. மஞ்சள் தட்டினால், நரி வரும் நேரம் பார்த்து நாரையைக் கூப்பிடும். "ஐயா, அந்த அடியிலைச் சமாச்சாரத்த இன்னொருக்காச் சொல்லுங்க. கிட்ட வந்து சொல்லுங்க, காது மந்தம்." பயிர் தெளிந்து பசேலென்றிருக்கும் நாளில், "இன்னைக்கு வேணாங்கய்யா, தலைவலி" என்றுவிடும். முயலுக்குக் காது மந்தம் என்பதை நாரை மட்டும் நம்பியது.

கொம்பையாவின் வயல், ஒவ்வொரு அளவீட்டிலும் அதன் மிரட்டலுக்கு இறங்கிய யூரியாவிலேயே ஊறிக் கரும்பச்சையாகி, ஆளுயரம் வளர்ந்து, புகையான் பூச்சி மொய்த்து, கதிர் பால் பிடிக்கும் முன்பே ஒட்டுமொத்தமாகச் சாய்ந்தது. செவந்தியின் வயல் விளைந்தது. வழக்கப்படி, வரப்பை எடுத்தது செவந்தி.

இந்த இடத்தில் நிறுத்தினால், மிரட்டுகிறவன் கெடுவான் என்று குழந்தைகளுக்கு உகந்த நீதி ஒன்று கிடைக்கும். துல்லியம் கருதித் தொடர வேண்டியிருக்கிறது.

செய்தி பரவியது. அடுத்த போகத்தில் எல்லா வயல்களிலிருந்தும் நாரைக்கு அழைப்பு வந்தது. மான் மாலை போட்டது. நிலமிழந்த கொம்பையா, மச்சான் வயலில் பங்குக்குச் சேர்ந்து, நாரைக்குக் குடை பிடித்துக்கொண்டு வந்தது. "பேசுங்கய்யா, பேசுங்க. இன்னும் கொஞ்சம் குனிஞ்சு பேசுங்க." காட்டில் அறிவுத்தாகம் இந்த அளவுக்குப் பெருகியிருப்பதை எண்ணி நாரை கண்கலங்கியது. காட்டுப் பயிர்கள் அனைத்துக்கும் கடுமையான சத்துக் குறைபாடு என்று நரி மேலிடத்துக்கு எழுதினார்.

நீதி: துல்லிய வேளாண்மையில் கற்றவர்களின் பங்கு மகத்தானது, அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டியதில்லை, அலகோடு வந்து நின்றாலே போதும்.

பச்சோந்தி மருத்துவ விடுப்பில் இருக்கிறது.