எதுக்கும் இன்னொரு ஆணி

மாடி அறையில் குடியிருந்த தையல்காரம்மாவுக்கு ஒரு கால் கொஞ்சம் இழுப்பு. அவர் பிடித்து ஏறும் மாடிப்படிக் கைப்பிடியோ, பால் பல் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தது. ஒரு நாள் காலையில் பார்த்தால் ஆடவில்லை. யார் சரி செய்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. செய்தவர் சொல்லிக்கொள்ளவும் இல்லை. ஆனால் நாலு ஆணி போதும் என்கிற இடத்தில் பத்தொன்பது ஆணி இருந்தது. எண்ணிப் பார்த்த மாத்திரத்தில் தெருவே ஆளைக் கண்டுபிடித்துவிட்டது.

நம் தச்சு மேஸ்திரிதான். அந்தக் கைப்பிடியில் இப்போது யானையைக் கட்டலாம். படிதான் தாங்காது.

உலகத்தில் "எதுக்கும் இருக்கட்டும்" என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். வீட்டைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை போய், திரும்பி வந்து, இந்தத் தடவை பூட்டைப் பிடித்துத் தொங்கியே பார்ப்பவர். பெட்டிக்குப் பூட்டுப் போட்டு, பூட்டுக்கு மேலே கயிறு சுற்றி, கயிற்றுக்கு ஏழு முடிச்சுப் போட்டு, போன இடத்தில் இறங்கியதும் கத்திரிக்கோல் பெட்டிக்குள்ளே இருப்பது ஞாபகம் வந்து நிற்பவர். சாமி கும்பிட்டுவிட்டு வாசல் வரை வந்து, திரும்பிப் போய் இன்னொரு தடவை கும்பிடுபவர். கடவுளுக்குக் காது கேட்காது என்றா? சேச்சே. எதுக்கும் இருக்கட்டும்.

இந்த இனத்தில் மற்றவர்களுக்கு மனதில் பயம் மட்டும்தான் இருக்கும். மேஸ்திரிக்குக் கையில் சுத்தியலும் இருந்தது.

அவருக்கு ஒரே மகள். கூரைச் சட்டம் செய்யும் பட்டறையில் படம் போடுகிற வேலை. அந்தக் காலம் மாதிரி தச்சர் சுவர்மேல் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டையாக அறுத்துக் கூட்டுவதெல்லாம் இப்போது குறைந்துவிட்டது. கம்ப்யூட்டரில் படம் போட்டால், பட்டறையில் முக்கோணம் முக்கோணமாகச் சட்டம் கூட்டி, மூட்டுக்கு மூட்டு பல் வைத்த தகட்டை அழுத்தி, லாரியில் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். கிரேன் வந்தால் அரை நாளில் கூரை நிற்கிறது. மகள் படம் போட்டு எத்தனையோ வீட்டுக்குக் கூரை ஏறிவிட்டது. அப்பா வாயிலிருந்து மட்டும் ஒரு நல்ல வார்த்தை வந்ததில்லை. அதனால்தான் தன் சொந்த வீட்டுக்குக் கூரை ஏற்றும் நாளில் அவரைக் கூப்பிட்டாள். இந்த ஒரு கூரையையாவது அவர் நம்ப வேண்டும், அவ்வளவுதான் அவளுடைய ஆசை.

லாரியிலிருந்து சட்டங்கள் இறங்கின. மேஸ்திரி சுற்றிச் சுற்றி வந்தார்.

"என்னம்மா இது, பல்லுக் குத்துற குச்சியா?"

"ரெண்டுக்கு நாலு அங்குலக் கட்டைப்பா. எவ்வளவு பாரம் தாங்கணும்னு கணக்குப் போட்டுத்தான் வந்திருக்கு."

"கணக்கு யாரு போட்டது?"

"கம்ப்யூட்டர்."

"அது எந்த வீட்டுல குடியிருக்கு?"

மகள் கிரேனுக்குக் கை காட்டினாள். மத்தியானத்துக்குள் இருபத்துநாலு சட்டமும் ஏறி நின்றது. அப்போது அவள் அப்பாவைத் தனியாக அழைத்து ஒரே ஒரு விஷயம் கேட்டுக்கொண்டாள். குளியலறைக்கும் கூடத்துக்கும் நடுவே உள்ள பலகைச் சுவர் தடுப்புச் சுவர்தான், கூரையைத் தாங்குகிற சுவர் இல்லை. காற்று காய்ந்தால் மேலே உள்ள மரம் ஒரு விரல்கடை எழும்பும், ஈரமானால் தணியும். ஆண்டவன் மரத்துக்கும் ஒரு மூச்சு வைத்திருக்கிறான். அதற்காகத்தான் அந்த இடத்தில் நீளத் துளை போட்ட தகடு வைத்து, துளைக்குள் ஒற்றை ஆணி மேலும் கீழும் நகரும்படி விடுகிறார்கள்.

"அங்க மட்டும் இறுக்கி அடிக்காதீங்கப்பா."

"வீடுன்னா ஆடலாமாம்மா?"

"இது ஆடணும்."

"சரி, அடிக்கல."

கிரேன்காரரை அனுப்பிவிட்டு அவள் திரும்புவதற்குள் மேலே டொக் டொக்கென்று சத்தம்.

"என்னப்பா அது?"

"மரங்கொத்திம்மா."

மழைக்காலம் முழுக்க வீடு சமர்த்தாக இருந்தது. காற்று காய்ந்தது. மகளைப் பார்க்க வந்த மேஸ்திரி குளிக்கப் போனார். போனவர் வரவில்லை.

"அம்மாடி, இந்தத் தாழ்ப்பாள் என்னமோ மக்கர் பண்ணுது."

மகள் கதவைத் தள்ளினாள். பிறகு அண்ணாந்து பார்த்தாள். கூரைச் சட்டம் எழும்பியிருந்தது. கூடவே சுவரையும் தூக்கியிருந்தது. நிலை கோணி, கதவைக் கவ்விக்கொண்டிருந்தது.

"தாழ்ப்பாள் இல்லப்பா. மேல எத்தனை ஆணி அடிச்சீங்க?"

உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

"அப்பா, குழாயை மூடிட்டுச் சொல்லுங்க."

"நாலு."

"அப்பா."

"நாலுன்னா, சட்டத்துக்கு நாலு. எட்டுச் சட்டம்."

"மொத்தம்?"

"முப்பத்திமூணு."

சிரிப்பை அடக்கத் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு நின்ற மருமகனால் அதற்குமேல் முடியவில்லை. "மாமா, அந்த ஒண்ணு எதுக்கு?"

"எண்ணினதுல ஒண்ணு விட்டுப்போயிருந்தா என்ன பண்றது மாப்பிள்ளை?"

மகள் ஆணி பிடுங்கியோடு பரணில் ஏறினாள். ஒவ்வொரு ஆணி கழலும்போதும் கீழேயிருந்து, தன் பல்லையே பிடுங்குவது போல ஒரு முனகல்.

"பார்த்தும்மா, கூரை இறங்கிடப் போகுது."

"இறங்காதுப்பா."

முப்பத்தொன்றாவது ஆணி வந்ததும் சுவர் டக்கென்று இறங்கி உட்கார்ந்தது. கதவு தானாகத் திறந்தது. இடுப்பில் துண்டும் காதில் சோப்பு நுரையுமாக மேஸ்திரி வெளியே வந்தார், இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு. கூரை விழுந்தால் பிடிக்க வேண்டுமே. மகள் பரண் துளை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூரை விழவில்லை. அவர் ஒரு கையை இறக்கினார். கொஞ்ச நேரம் பொறுத்தார். மற்றொரு கையையும் இறக்கினார்.

"இன்னும் ரெண்டு ஆணி எங்கப்பா? கண்ணுக்கே தெரியல."

"அது நான் ஒளிச்சு அடிச்சது. நீ இறங்கு." அவரே ஏறி, அவரே பிடுங்கினார்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்கும்போதே நடுவில் எழுந்து போய், அணைத்த அடுப்பை இன்னொரு தடவை அணைத்துவிட்டு வந்தீர்களே, அது யார்? கல்யாணமாகிப் போன பிள்ளைக்குக் காலையில் போன் போட்டுச் சாப்பிட்டாயா என்று கேட்டு, மத்தியானமும் கேட்டு, சாயங்காலம் அவன் எடுக்கவில்லை என்றதும் மருமகளுக்குப் போட்டீர்களே, அது எத்தனையாவது ஆணி? உங்கள் வீட்டுக் கதவு எதுவும் இறுகவில்லை என்றால் சந்தோஷம். காற்று இன்னும் காயவில்லையோ என்னவோ.

மேஸ்திரி ஊருக்குக் கிளம்பியபோது மகள் பஸ் வரை வந்தாள். அவர் ஏறி உட்கார்ந்தார். பஸ் நகரத் தொடங்கியதும் ஜன்னலில் தலையை நீட்டிச் சொன்னார்: "உன் கூரை தன்னால நிக்குதும்மா. என்னாலதான் சும்மா இருக்க முடியல."