முக்குறிக்கு அடியில் ஒரு வட்டம்

கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாதீர்கள் என்பதுதான் கட்சிக்காரர்களுக்கு நான் முதலில் சொல்லும் புத்திமதி. என் கல்யாணப் பேச்சில் மட்டும் அதற்கு நேர்மாறாக நடந்துகொண்டேன். காரணம் ஒரு பூனைக்குட்டி.

அப்போது நான் புதுக்கடை நீதிமன்றத்தில் புதிய சட்டத்தரணி. நீதிமன்றத்துக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடை வாசலில் மழையில் நனைந்து கிடந்த குட்டியை, வழக்குக் கோப்புகளோடு பையில் போட்டு வெள்ளவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதன் காதில் குற்றிக்காசு அளவுக்கு வட்டமாக மயிர் உதிர்ந்து, தோல் செதில் செதிலாக இருந்தது. ஒழுங்கான சாப்பாடு இல்லாததால் வந்தது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். (உயிரியலில் எனக்குக் கிடைத்த பெறுபேறு இங்கே அவசியமில்லை.) தினமும் நெற்றியோடு நெற்றி முட்டி அதைக் கொஞ்சினேன்.

இரண்டு கிழமையில் என் நெற்றியின் நடுவில் சிவப்பாக ஒன்று கிளம்பியது. நுளம்புக் கடி என்று நினைத்து, வீட்டில் கிடந்த அரிப்புக் கிறீமைப் பூசினேன். சிவப்பு குறைந்தது, வட்டம் வளர்ந்தது. நடுப்பகுதி வெளுத்து, ஓரம் மட்டும் தடித்து, நாளுக்கு நாள் விரிந்தது.

இந்த நேரம் பார்த்துத்தான் சம்பந்தம் ஒன்று பொருந்தி வந்தது. எங்கள் ஆட்களிடம் இப்போது பெண் பார்ப்பது என்று ஒன்று கிடையாது. (கேட்டால், "சீ, அந்தக் காலமே இது?" என்பார்கள்.) இரு வீட்டாரும் கோயிலில் தற்செயலாகச் சந்திப்பார்கள். எங்கள் தற்செயல், ஞாயிறு காலை ஒன்பதரைக்குக் கொட்டாஞ்சேனையில் என்று தரகர் குறித்திருந்தார்.

ஞாயிறு காலை பவுடர் செதிலில் ஒட்டவில்லை. எவ்வளவு பெரிய பொட்டு வைத்தாலும் வட்டம் வெளியே எட்டிப் பார்த்தது. அம்மா அழுகிற நிலைக்கு வந்துவிட்டார். அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. விபூதியைத் தண்ணீரில் குழைத்து, நெற்றி முழுக்க முக்குறியாகப் பூசினேன்.

"பிள்ளை, தேவாரம் பாடச் சொல்லப் போகினம்," என்றார் அம்மா.

நல்லகாலம், பாடச் சொல்லவில்லை. மாப்பிள்ளையின் தாயார் என்னைக் கண்டதும் உருகிப்போனார். "இந்தக் காலத்துப் பிள்ளையள் பொட்டே வைக்கிறேல்லை. இதைப் பாருங்கோவன்," என்று கணவருக்குக் காட்டினார். மாப்பிள்ளையோடு ஐந்து நிமிடம் கதைக்க விட்டார்கள்.

"நெத்தி கடிக்குதோ? அடிக்கடி கையைக் கொண்டு போறியள்," என்று அவர் மெல்லக் கேட்டார்.

"இல்லை, வேர்க்குது," என்றேன்.

அவர் தன் லேஞ்சியை எடுத்துத் தந்தார். விபூதி கலையாமல் நெற்றியில் ஒற்றிவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அதை மடித்துப் பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்தார். எனக்கு அவரை அந்த இடத்திலேயே பிடித்துவிட்டது.

விடைபெறும்போது தாயார் என் முகத்தை இரு கையாலும் பிடித்துக் கொஞ்சி, தன் கன்னத்தை என் நெற்றியில் அழுத்திக்கொண்டு நின்றார். விலகியபோது அவர் கன்னத்தில் விபூதி அப்பியிருந்தது. சம்மதம் என்று அன்று பின்னேரமே செய்தி வந்தது.

அடுத்த கிழமை குட்டியின் வாலிலும் மயிர் கொட்டத் தொடங்கவே, பாமன்கடையில் இருந்த மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். அந்த வைத்தியரம்மா அறையை இருட்டாக்கி ஊதா வெளிச்சம் அடித்தார். குட்டியின் காது மயிர் பச்சையாக மின்னியது. பிறகு லைட்டைப் போட்டு, குட்டியை விட்டுவிட்டு என் நெற்றியைப் பார்த்தார்.

"இது பங்கசு. படர்தாமரைன்னு சொல்றது இதத்தான். பூனை மயிர்லயும் செதில்லயும் ஈக்கும். தொட்டா ஒட்டும். சீப்பு, துவாய், தலகாணி எல்லாத்துலயும் மாசக்கணக்கா உசிரோட கிடக்கும். நீங்க யாரையாச்சும் கிட்டப் புடிச்சீங்களா?"



இரண்டு நாள் கழித்து, நிச்சயதார்த்த நாள் பற்றிக் கதைக்க மாப்பிள்ளையின் தாயார் தொலைபேசி எடுத்தார். பேச்சோடு பேச்சாக, "கன்னத்தில ஒரு வட்டம் வந்திருக்கு. வீட்டில பூனை, நாய் இருக்கோ எண்டு டொக்டர் கேக்கிறார். எங்கட வீட்டில மீன் தொட்டிகூட இல்லை," என்றார். அம்மா என்னைப் பார்த்து வாயில் விரலை வைத்தார். நான் தொலைபேசியை வாங்கினேன்.

"அன்ரி, அது என்ரை பூனையால வந்தது."

"உங்கட பூனையை நான் காணவே இல்லையே?"

"எனக்கு நெத்தியில இருந்தது."

"நெத்தியில விபூதியெல்லோ இருந்தது?"

"அதுக்குக் கீழ."

தொடர்பு அறுந்தது. அம்மா என்னோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. குட்டிக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் மருந்து பூசிக்கொண்டு, லேஞ்சி தந்த மனிதரை நினைத்து நான் அழுதேன். ஐந்து நிமிடம் கதைத்தவருக்காக இவ்வளவு அழலாம் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

பதினோராம் நாள் தாயார் மறுபடி தொலைபேசி எடுத்தார்.

"மகன்ரை கழுத்திலயும் வந்திட்டுது. எப்பிடியடா எண்டு கேட்டா, லேஞ்சி எண்டுறான். தோய்க்காமல் வைச்சிருந்தவனாம். இனி இவனை வேறை ஆருக்குக் காட்டுறது? நல்ல நாளாப் பாருங்கோ."

கல்யாணமாகி ஆறு வருடம் ஆகிறது. கோயிலில் நான் கொஞ்சம் அகலமாக விபூதி பூசிவிட்டால் போதும், மாமி சேலைத் தலைப்பால் என் நெற்றியைத் துடைத்து, உற்றுப் பார்ப்பார். பிறகு பக்கத்தில் நிற்பவர்களிடம், "ஒண்டுமில்லை, சும்மா பக்திதான்," என்று அறிவிப்பார்.