உயிருள்ள கல்

கல்லுக்கு உயிர் வந்துவிட்டதாம்! மனிதனுக்கு இருக்கிறதா என்பதே சந்தேகமாக இருக்கிற காலத்தில் கல்லுக்கு வந்துவிட்டது. சும்மா விடுவார்களா? வாடகை மண்டபத்து வாசலில் செருப்பு விட இடமில்லை.

தையல்காரியையும் மகளையும் புருஷன்தான் இழுத்து வந்திருந்தான். மகளுக்கு வலிப்பு. போன வாரம், கல்லால் நோய் தீர்ப்பதாகச் சொல்லும் ஒளிக்கல் ஐயா ஒரு கல்லைப் பிள்ளையின் கழுத்தில் கட்டி, "இனி மாத்திரை கூடாது, கல்லு கோவிச்சுக்கும்" என்றார். லாரி ஓட்டுகிற புருஷன் பயபக்தியோடு மாத்திரைகளைச் சாக்கடையில் போட்டான். முந்தாநாள் பிள்ளை பள்ளிக்கூடப் படியில் விழுந்து நெற்றியைக் கிழித்துக்கொண்டது. ஐயாவிடம் அதற்கும் வைத்தியம் இருந்தது: இன்னும் பெரிய கல்!

மேடையில் ஒரு பேட்டரி, ஒரு குட்டி பல்பு, இரண்டு கம்பி. ஐயா ரோட்டுக் கல்லைக் கம்பிகளுக்கு நடுவே வைத்தார். பல்பு எரியவில்லை.

"செத்த கல்லு!"

பொன்னாக மினுங்கிய தன் கல்லை வைத்தார். பளிச்!

"பாருங்க, உயிர் ஓடுது!"

கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. கல்லூரியில் பாடம் நடத்துகிறவர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். படித்தவர் அல்லவா, கொஞ்சம் கூடுதலாகவே உருகினார்.

தையல்காரி மகளின் நெற்றிக் கட்டைப் பார்த்தாள். விறுவிறுவென்று மேடையேறி, வீட்டுச் சாவியை எடுத்துக் கம்பிகளுக்கு நடுவே வைத்தாள்.

பளிச்!

"ஐயா, எங்க வீட்டுச் சாவிக்கும் உயிர் வந்துடுச்சே! இதையும் பொண்ணு கழுத்துல கட்டிடட்டுமா?"

"அது... உன் கைபட்ட அருள்மா" என்று அசடு வழிந்தார் ஐயா.

"அப்ப என் கையே போதுமே, உங்க கல்லு எதுக்கு?"

டோக்கன் எழுதுகிறவரிடமிருந்து பென்சிலைப் பிடுங்கினாள். இருபுறமும் சீவிய பென்சில். முனைகளில் கம்பியை வைத்தாள். பல்பு மங்கலாக, ஆனால் எல்லோருக்கும் தெரியும்படி எரிந்தது.

"பென்சிலுக்கும் உயிர்! கரண்ட்டை விடுற கல்லும் இருக்கு, விடாத கல்லும் இருக்கு. இவ்வளவுதான்யா சங்கதி!"

ஐயா அவசரமாகக் கம்பியைச் சுருட்டினார். புருஷன் பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்தான். "மாத்திரையை நிறுத்தச் சொன்னியே, பிள்ளை செத்திருந்தா?"

பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். "ஏம்மா, அந்தச் சாவி என்ன விலை?"

தையல்காரி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"கல்லுக்கு உயிர் இருக்கான்னு பார்க்க வேலையை விட்டுட்டு வந்திருக்கீங்க. என் பொண்ணு விழுந்து கிடந்தப்ப, உயிர் இருக்கான்னு நான் மூக்குல விரல் வச்சுப் பார்த்தேன். அந்த நிலைமை உங்க வீட்டுக்கும் வர்றதுக்கு முன்னாடி, கொஞ்சம் யோசிங்கய்யா!"