சங்கக் கிணற்றுக்குக் கிடைத்த நற்சான்றிதழ்

யேசு மரி சூசை துணை

லிங்கநகர்,
திருகோணமலை.
06.08.1975

மன்னாரில் இருக்கும் பெருமதிப்புக்குரிய அத்தான் அவர்களுக்கு,

மைத்துனன் பஸ்தியாம்பிள்ளை பணிவோடு எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் மரியம்மாவும் சுகம். அக்காவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறோம். போன நத்தார்ப் பெருநாளுக்கு இங்கே வந்திருந்தபோது, துறைமுகக் களஞ்சியத்தில் ஆணி எண்ணினவனுக்குக் கிணற்றைப் பற்றி என்ன தெரியும் என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டீர்கள். தெரியும் அத்தான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் தண்ணீர்ச் சங்கத்துக் கிணற்றையும் பம்பையும் முப்பத்தொரு வீடுகள் நம்பியிருக்கின்றன. நான் செயலாளர். பரிசோதனைக்கு அனுப்பிய தண்ணீர் இரண்டு தரம் ‘குடிப்பதற்கு உகந்ததல்ல’ என்று வந்தது. மூன்றாம் தரமும் அப்படி வந்தால் பம்புக்கு முத்திரை வைப்பேன் என்று சுகாதாரப் பரிசோதகர் ஐயா சொல்லிவிட்டார். வைத்தால் பெண்கள் குடத்தோடு ஒரு மைல் நடக்க வேண்டும், நான் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? சங்கத் தலைவர் முத்தலிப் நானா, ஏலாதென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள் என்று கூட்டத்தில் கேட்டார். ஏலும் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் எப்படி என்று யோசித்தேன்.

முதலில் கிணற்றை இறைத்தோம். ஏழு தவளை, ஒரு செருப்பு, குணேஸ்வரி ரீச்சர் இரண்டு வருடமாகத் தேடிய செம்பு எல்லாம் வெளியே வந்தன. களவெடுத்ததாக அவர் சந்தேகப்பட்ட நாலு வீட்டாரும் அன்றைக்கே அவரோடு சண்டைக்குப் போனார்கள். பிறகு குளோரின் தூள் போட்டேன். அளவு கொஞ்சம் கூடிவிட்டது. எல்லா வீட்டுத் தேநீரும் ஆஸ்பத்திரி மணம் மணந்தது, றுக்கியாவின் நீலச் சேலை தோய்த்த இடத்திலேயே வெளுத்துப்போனது, அவளுடைய புருஷன் தாஹிர் அதைத் தோளில் போட்டுக்கொண்டு என் படலையில் வந்து நின்றார். அந்த நேரம் பார்த்தா நான் அவருடைய கக்கூசுக் குழியைப் பற்றிக் கதைக்க வேண்டும்? கதைத்தேன். கிணற்றிலிருந்து ஐம்பது அடி தள்ளி இருக்க வேண்டிய குழி, என் அளவு நாடாவில் முப்பத்திரண்டு அடிதான் வந்தது. மூன்று நாள் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நாலாம் நாள் மண்வெட்டியோடு வந்து, “எங்க வெட்டுறதெண்டு காட்டுங்கோ, என்ட பிள்ளையளும் இந்தத் தண்ணியைத்தானே குடிக்குதுகள்” என்றார். அத்தான், எனக்கு அழுகை வந்துவிட்டது. நானும் கூட நின்று புதுக் குழி வெட்டினேன்.

மாதிரி எடுக்கும் நாளில் பரிசோதகர் ஐயாவின் மோட்டார் சைக்கிளுக்குக் காற்றுப் போய்விட்டது. போத்தலை என்னிடம் தந்து, முறையைச் சொல்லிவிட்டு, ரயர் ஒட்டப் போனார். நான் பைப் வாயை நெருப்பில் சுட்டு, இரண்டு நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, விரல் படாமல் நிரப்பி மூடி, குசினி மேசையில் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஐஸ் வாங்க ஓடினேன். திரும்பி வந்தபோது ஐயா போத்தலோடு தயாராக நின்றார். ஐஸுக்குள் வைத்துக் கொழும்புக்கு அனுப்பினோம்.

நேற்று முடிவு வந்தது. கிருமி பூச்சியம். இவ்வளவு சுத்தமான கிணற்றுத் தண்ணீரைத் தன் உத்தியோகத்தில் கண்டதில்லை என்று ஐயாவே சொன்னார். முத்தலிப் நானா எனக்கு மாலை போட்டார், தாஹிர் வெடி கொளுத்தினார், சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தண்ணீர்த் தாங்கிச் சுவரில் தொங்கவிட்டோம். களஞ்சியத்தில் முப்பது வருடம் இருந்தும் கிடைக்காத மரியாதை ஒரே நாளில் கிடைத்தது.

அக்காவுக்கு அன்பும் மருமக்களுக்கு ஆசீரும். மடுமாதா உங்கள் வீட்டைத் தன் கண்ணுக்குள் வைத்திருப்பாராக.

இப்படிக்கு,
பஸ்தியாம்பிள்ளை
செயலாளர் (ஏகமனதாக மீண்டும் தெரிவானவர்)

பி.கு.: உறையை ஒட்டுமுன் இதை மரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “எந்தப் போத்தல்? குசினி மேசையில இருந்ததோ?” என்று கேட்டாள். ஐயா வழியில் குடிக்கக் கொண்டுபோகிறார் என்று நினைத்து, நான் பிடித்து வைத்த தண்ணீரை வாழைக்கு ஊற்றிவிட்டு, போத்தலைச் சுடுதண்ணீரில் கழுவி, கேத்தலில் கொதித்தாறிய தண்ணீரை விட்டுக் கொடுத்தாளாம். “வெயிலுக்குள்ளால வந்த மனிசனுக்குக் கிணத்துப் பச்சைத் தண்ணியோ குடுக்கிறது? அதை நான் உங்களுக்கே ஒரு நாளும் குடுக்கேல்லையே” என்றாள். ஆகவே எங்கள் கேத்தலில் கிருமி இல்லை என்பது அரசாங்கம் ஒப்புக்கொண்ட விஷயம். கிணற்றைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தாஹிரின் பிள்ளைகளை நினைத்தால் பேசாமல் இருக்கவும் ஏலாது. நாளை சங்கத்தில் உண்மையைச் சொல்லி, எல்லாரையும் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லிவிட்டு, ஐயாவிடம் இன்னொரு போத்தல் கேட்கப் போகிறேன். மரியம்மாவை வெள்ளிக்கிழமை பஸ்ஸில் அங்கே அனுப்புகிறேன். போத்தல் கொழும்புக்குப் போய்ச் சேரும்வரை அவளைத் தயவுசெய்து உங்களோடு வைத்திருங்கள்.